ஏட்டில் அமையும் ஓடுபாதை

யாழ்ப்பாணத்தில் ஒரு காணியை வாங்க முற்படுபவர் முதலில் அக்காணியின் உறுதியைக் கேட்பார். காணியின் பெயர் யாது, அது எத்தனை பரப்பு, நான்கு எல்லைகளும் யாருடைய காணிகள், கிணற்றில் பங்கு உண்டா, வழி வாய்க்கால் உரிமை எப்படி என்பன எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் இத்தகைய விவரங்களைத் தோம்பு என்னும் ஏடுகளில் பதிந்து வைத்தனர். நிலம் ஓரிடத்தில் கிடக்கின்றது. அதன் எழுத்துருவம் வேறோரிடத்தில் இருக்கின்றது. எழுத்து நிலத்தோடு ஒத்திருக்கும்வரை ஒருவருக்கும் துன்பமில்லை. ஒவ்வாதபோது வழக்கும் வம்பும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை யாழ்ப்பாணத்தார் நன்கு அறிவர்.

விமானம் இறங்கும் ஓடுபாதைக்கும் இவ்வாறே ஓர் எழுத்துருவம் உண்டு. அதனைப் படிப்பவருள் மனிதரும் உளர், பொறிகளும் உள. அப்பொறிகளுள் ஒன்று, ‘சிமியூலேட்டர்’ என வழங்கும் ஒப்புப் பறப்புக் கருவி. தரையில் இருந்தபடியே வானிற் பறக்கும் அனுபவத்தைத் தந்து விமானியைப் பழக்கும் இக்கருவியின் முன்னோடியை, அமெரிக்கராகிய எட்வின் லிங்க் 1929ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். இன்று பெரிய விமானக் கம்பெனிகளின் விமானிகள், தரையில் உள்ள இக்கருவியிலேயே அபாய நிலைகளை எல்லாம் பழகிக்கொள்கின்றனர். 1982ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் வீட்டுக் கணினிக்கான பறப்பு நிரலொன்றை வெளியிட்ட பின்னர், இவ்வனுபவம் பொதுமக்களுக்கும் கிட்டியது. எக்ஸ்-பிளேன் என்னும் மற்றொரு நிரலும் உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது. சென்னையிலிருந்து புறப்பட்டுப் பாக்கு நீரிணையைக் கடந்து பலாலியில் இறங்கும் பயணத்தை, ரொறன்ரோவில் வாழும் ஒரு தமிழ் மாணவன் தன் மேசையின் முன் இருந்தவாறே நிகழ்த்தலாம்.

திரையில் அவன் காணும் பலாலி ஓடுபாதை நிழற்படம் அன்று. சில வரிகளில் எழுதப்பட்ட எண்களைக் கொண்டு கணினி வரைந்த உருவமே அது. அவ்வெண்கள் யாவை, அவை எவ்வெவ்வாறு பிழைபடக் கூடும், பிழைபட்டால் என்ன நேரும் என்பவற்றை ஆராய்வதற்குப் பலாலியைப் போன்ற நல்லதோர் எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

பலாலி விமானத்தளம் யாழ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய அரச வான்படை அதனை அமைத்தது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பிற்காலத்தில் உள்நாட்டுப் போர் மூண்டபோது தளம் படையினர் வசமாயிற்று. சூழவிருந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னர் அவர்களுடைய நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் தளம் திறந்துவைக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் நாள் சென்னைக்கான சேவை தொடங்கியது. கொள்ளை நோயினால் 2020இல் தடைப்பட்ட அச்சேவை, 2022ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மீண்டும் ஆரம்பமாயிற்று. இவ்வாறு பல கைகள் மாறிய ஒரு தளத்தின் அளவுகளைப் பதிவு செய்வோர், எந்தக் காலத்து அளவை எழுதுகின்றோம் என்பதில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

எக்ஸ்-பிளேன் நிரலில் ஓர் ஓடுபாதைக்கு உரிய பதிவு ஒரே வரியில் அமைகின்றது. அகலம் எத்தனை மீற்றர், மேற்பரப்பு எத்தகையது, ஓரவிளக்குகள் உண்டா என்பன முதலில் வரும். தார் இட்டதற்கு 1, கொங்கிறீற்றுக்கு 2, புல்லுக்கு 3, மண்ணுக்கு 4 எனக் குறியீடுகள் உள்ளன. அடுத்து, இரு முனைகளுக்கும் தனித்தனியே முனையின் எண், அகலக்கோடு, நெடுங்கோடு, இறங்கும் வாயில் உள்ளே தள்ளி அமைந்திருந்தால் அத்தூரம், ஓடுபாதைக்கு அப்பாலுள்ள காப்புப் பரப்பின் நீளம், குறிகளின் வகை, விளக்குகளின் வகை என்பன எழுதப்படும். இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஓடுபாதையின் நீளமும் திசையும் இவ்வரியில் எழுதப்படுவதில்லை. இரு முனைகளின் இடக்குறிப்பிலிருந்து அவற்றைக் கணினியே கணித்துக்கொள்கின்றது. ஆகவே ஒரு முனை பிழைத்தால் நீளமும் பிழைக்கும், திசையும் பிழைக்கும்.

இடக்குறிப்பு என்பது எளிய காரியம்போலத் தோன்றும். பாகையில் ஐந்து தசமதானம் வரை எழுதினால் ஏறத்தாழ ஒரு மீற்றர் நுட்பம் கிட்டிவிடும். ஆயினும் எண்கள் நுட்பமாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. பூமி முழு உருண்டை அன்று. துருவங்களிற் சற்றே தட்டையானது. அதன் வடிவை அளந்தோர் காலத்துக்குக் காலம் வெவ்வேறு அளவுகளைக் கொண்டனர். இந்தியப் பெருநில அளவையை நடத்திய ஜோர்ஜ் எவரெஸ்ற் 1830இல் கணித்த வடிவையே இலங்கையின் பழைய நில அளவையும் பின்பற்றியது. கந்தவல என்னும் இடத்தை ஆதாரமாகக் கொண்டு நாட்டின் வரைபடங்கள் எழுதப்பட்டன. செய்மதிகளின் உதவியால் இடமறியும் இக்காலத்தில், 1984ஆம் ஆண்டின் உலக ஆதாரம் வழங்குகின்றது. 1998ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் தொடக்கம் வான்செலவுக்கு அதனையே கொள்ள வேண்டும் எனச் சர்வதேச சிவில் விமான அமைப்பு விதித்தது.

இவ்விரண்டு ஆதாரங்களுக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று. அகலக்கோடு நெடுங்கோடு எண்கள் ஒரேயெண்களாக இருப்பினும், கந்தவல ஆதாரத்தின்படி அவை காட்டும் இடம் ஒன்று. உலக ஆதாரத்தின்படி காட்டும் இடம் வேறொன்று. யாழ்ப்பாணப் பகுதியில் இவ்விரண்டுக்கும் இடைவெளி 200 மீற்றருக்கும் அதிகம். அதுவும் பெரும்பாலும் கிழக்கு மேற்காக அமைகின்றது. ஓடுபாதையின் அகலமோ சில பத்து மீற்றர் மட்டுமே. ஆகவே பழைய வரைபடத்து எண்ணை மாற்றாமல் அப்படியே எடுத்து எழுதுபவர், ஓடுபாதை முழுவதையும் அயலிலுள்ள வெளியிலோ பனந்தோப்பிலோ கொண்டுபோய் வைத்துவிடுவார். எண்களைப் பார்த்து இப்பிழையைக் கண்டுபிடித்தல் இயலாது. எந்த ஆதாரத்தின்படி அளந்தது என்னும் குறிப்பும் உடன் இருந்தாலன்றி எண்ணுக்குப் பொருளில்லை.

உயரத்திலும் இதனை ஒத்த ஒரு சிக்கல் இருக்கின்றது. பலாலித் தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆனால் செய்மதிக் கருவியொன்று கணித வடிவிலிருந்து அளந்து தரும் உயரத்தை அங்கே நேரே படித்தால், கழித்தல் 80 மீற்றருக்கும் கீழான ஓர் எண் தோன்றும். இதற்குக் காரணம் புவியீர்ப்பு. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் புவியீர்ப்பு குறைந்த பெரும் பிரதேசம் ஒன்று உள்ளது. உலகிலேயே கடல் மட்டம், கணித வடிவுக்கு மிகத் தாழ்ந்து, நூறு மீற்றருக்கும் மேலாக இறங்கி நிற்கும் இடம் அதுதான். அத்தாழ்வின் விளிம்பிலே இலங்கை முழுவதும் அடங்குகின்றது. யாழ்ப்பாணத்திலும் கடல் மட்டம் 90 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருக்கின்றது. உயரம் எதனிலிருந்து அளக்கப்பட்டது என்பதை ஆராயாமல் எழுதினால், ஓடுபாதை கடலுக்கடியிற் போய்விடும்.

தரையின் மேடுபள்ளத்தைக் காட்டும் தரவிலும் எச்சரிக்கை வேண்டும். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் என்டெவர் விண்ணோடம் ராடார் கொண்டு உலகின் பெரும்பகுதியை அளந்தது. அத்தரவு மிகப் பயனுடையது. பல நிரல்களுக்கு அதுவே அடிப்படை. எனினும் அந்த ராடார் அலைகள் பெரும்பாலும் மரங்களின் தலைப்பகுதியிற் பட்டுத் திரும்பின. எனவே பனைகளும் தென்னைகளும் அடர்ந்த இடம் அதிற் சிறு குன்றுபோலத் தோன்றும். சுண்ணக்கல்லின்மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் குன்று என ஒன்று இல்லை என்பதை இங்குள்ள சிறுவனும் அறிவான். தொலைநாட்டிலிருந்து தரவு தொகுப்பவர் அறியார். இதற்குப் பரிகாரமாக நிலம் முழுவதையும் ஒரே மட்டமாகத் தட்டிவிடுதலும் தவறு. உண்மையான ஓடுபாதைகளுக்குச் சிறிய சரிவு உண்டு. இரு முனைகளின் உயரமும் தனித்தனியே தரப்படுவது அதன் பொருட்டேயாம்.

இனி, ஓடுபாதையின் எண். பலாலி ஓடுபாதையின் ஒரு முனை 05 எனவும் மற்றைய முனை 23 எனவும் பெயர் பெறும். தென்மேற்கு முனையில் நின்று வடகிழக்கு நோக்குபவருடைய திசைகாட்டி ஏறத்தாழ 50 பாகையைக் காட்டும்; அதன் கடைசிச் சுழியை நீக்கி 05 என்பர். எதிர்த்திசை 180 பாகை தள்ளியது. ஆதலால் 5உடன் 18ஐக் கூட்ட 23 வருகின்றது. இது காந்தத் திசை. வரைபடத்தின் உண்மைத் திசை அன்று. யாழ்ப்பாணத்தில் இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு பாகை வேறுபாடு உண்டு. இரண்டு பாகைதானே என்று ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிட்டால், 2,300 மீற்றர் நீளமான பாதையின் மறுமுனை 80 மீற்றர் விலகிப்போகும்.

மேலும், காந்த வடக்கு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஆண்டுதோறும் சிறிது நகர்கின்றது. இலண்டனை அடுத்த ஸ்ரான்ஸ்ரெட் விமான நிலையத்தின் ஓடுபாதையும் பலாலியைப் போல 05, 23 என்னும் எண்களையே பெற்றிருந்தது. 2009ஆம் ஆண்டில் அவை 04, 22 என மாற்றப்பட்டன. ஓடுபாதை அசையவில்லை, அதன் பெயர் மாறியது. பழைய தரவை வைத்திருப்பவர் அங்கே இல்லாத ஓர் ஓடுபாதையைத் தேடிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றிலும் மேலான ஐயத்துக்கு இடமாவது நீளம். ஓடுபாதையின் நீளம் எவ்வளவு என்னும் கேள்விக்கு விடை ஓர் எண் அன்று, நான்கு எண்கள். புறப்படும் விமானம் தரையில் ஓடுவதற்குக் கிடைக்கும் தூரம் ஒன்று. தரையைவிட்டு எழுந்து தொடக்க உயரத்தை அடைவதற்கு உள்ள தூரம் ஒன்று. வேகம் எடுத்த பின் பயணத்தைக் கைவிட்டு நிற்பதற்கு உள்ள தூரம் ஒன்று. இறங்கும் விமானத்துக்குக் கிடைக்கும் தூரம் மற்றொன்று. முனைக்கு அருகில் மரமோ கட்டடமோ தடையாக இருப்பின், இறங்கும் வாயிலை உள்ளே தள்ளி அமைப்பர். அதற்கு முன்னுள்ள தார்ப்பரப்பில் இறங்கலாகாது. ஆயினும் புறப்படும் விமானம் அதனைப் பயன்படுத்தலாம். தரவு எழுதுவோர் சிலர் இத்தூரத்தை மொத்த நீளத்தோடு மீண்டும் கூட்டி, பாதையை நீட்டிவிடுகின்றனர். வேறு சிலர் காப்புப் பரப்பையும் ஓடுபாதையாகவே கொள்கின்றனர். வானிலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் ஒரே கருநிறமாகத் தோன்றுவதனால் இப்பிழை நேர்கின்றது.

பலாலியில் இக்கேள்விக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. நெடுங்காலமாகப் பட்டியல்களில் அதன் நீளம் ஏறத்தாழ 2,300 மீற்றர் எனக் காணப்பட்டது. 2019இல் பயணிகள் சேவைக்காகத் தளம் திறக்கப்பட்டபோது அந்நீளம் முழுவதும் ஒரேயடியாகச் சீரமைக்கப்படவில்லை. படிப்படியாகச் சீரமைப்பதே திட்டமாயிருந்தது. சென்னையிலிருந்து வந்தவையும் ஏ.டி.ஆர். 72 என்னும், ஏறத்தாழ எழுபது பேர் அமரக்கூடிய சுழல்விசிறி விமானங்களே. தார் கிடக்கும் நீளம் வேறு. விமானத்துக்குத் தகுதியென அறிவிக்கப்பட்ட நீளம் வேறு. பழைய பட்டியலின் எண்ணைப் பார்த்து, பெரிய ஜெட் விமானத்தைத் திரையில் இறக்கி மகிழ்பவர், பலாலியில் நடவாத ஒன்றை நடந்ததாக நம்பிவிடுகின்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இவ்விடத்துக்கு நன்கு பொருந்தும்.

குறிகளும் விளக்குகளும் வெறும் அலங்காரம் என்று எண்ணுவாரும் உளர். ஓடுபாதையின் வாயிலில் வரையப்படும் நெடுக்குப் பட்டைகளின் தொகை அப்பாதையின் அகலத்தை உணர்த்துகின்றது. 30 மீற்றர் அகலமாயின் 8 பட்டைகள். 45 மீற்றராயின் 12. அகலம் பிழைபட்டால் அதனினும் பெரிய தீங்கு விளையும். வழக்கமாகக் காணும் பாதையைவிடக் குறுகிய பாதையைக் காணும் விமானி, தான் உயரத்தில் இருப்பதாக மயங்கி, வேண்டிய அளவுக்கு மேல் தாழ்ந்து வருவான். இம்மயக்கத்தை அறிந்து வெல்வதற்கே பயிற்சி அளிக்கப்படுகின்றது. கருவியிலேயே அகலம் பொய்யாயின், பயிற்சி மயக்கத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக அதனை வளர்க்கும். சரிவுப் பாதையைக் காட்டும் நான்கு விளக்குகளும் அத்தகையன. இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் விமானம் உரிய சரிவில் வருகின்றது. நான்கும் சிவப்பாயின் மிகத் தாழ்ந்துவிட்டது. இவ்விளக்குகளைத் தரவில் சிறிது முன்பின்னாக வைத்தாலும், அவற்றை நம்பி வருபவர் தவறான இடத்திலேயே தரையைத் தொடுவார்.

தரவுக்கு இடமும் அளவும் மட்டும் போதா; நாளும் வேண்டும். வான்செலவுத் தகவல்கள் உலகெங்கும் 28 நாட்களுக்கு ஒரு முறை, முன்னரே குறித்த நாட்களில் மாறுமாறு ஓர் ஒழுங்கு ஏற்பட்டிருக்கின்றது. அவ்வொழுங்கின் பயனை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்தும். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள், அமெரிக்காவின் லெக்சிங்ரன் நகர விமான நிலையத்தில், விடியுமுன் புறப்பட்ட ஒரு விமானம் உரிய ஓடுபாதைக்குப் பதிலாகக் குறுகிய மற்றோர் ஓடுபாதையில் ஓடியது. நீளம் போதாமையால் அது வீழ்ந்து, அதிலிருந்த 50 பேரில் 49 பேர் மாண்டனர். தாம் எந்தப் பாதையில் நிற்கின்றோம் என்பதை விமானிகள் சரிபார்க்கத் தவறியமையே காரணம் என விசாரணையாளர் முடிவு செய்தனர். ஆயினும் அங்கே திருத்த வேலைகள் நடந்துகொண்டிருந்தமையும், விமானிகளின் கையிலிருந்த படம் அன்றைய வழிகளோடு முற்றும் ஒத்திராமையும் அவ்விசாரணையில் வெளிப்பட்டன. படம் பொய்யென்று எவரும் வேண்டுமென்றே எழுதவில்லை. நிலம் மாறியது, படம் மாறவில்லை. அவ்வளவே.

அப்படியானால் சரியான தரவை எவ்வாறு தொகுப்பது? முதலாவது, ஒவ்வொரு நாட்டிலும் பொறுப்பான அதிகாரிகள் வெளியிடும் வான்செலவுத் தகவல் நூலையே மூல ஆதாரமாகக் கொள்ளல் வேண்டும். இரண்டாவது, செய்மதிப் படத்தைத் துணையாகக் கொள்ளலாம். ஆனால் அது எந்த ஆண்டில் எடுத்தது, தரையோடு சரியாகப் பொருந்தியுள்ளதா என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். மூன்றாவது, ஒரு பட்டியலைப் பார்த்து மற்றொரு பட்டியலை எழுதுவதால் சான்று இரட்டிப்பதில்லை. பத்துப் பட்டியல்கள் ஒரே எண்ணைக் கூறினும், அவை யாவும் ஒரே பழைய ஏட்டின் பிரதிகளாயின் சான்று ஒன்றுதான். நான்காவது, பலாலியில் வான்படையின் தளமும் இருப்பதனால், பயணிகளுக்குரிய பகுதியைப் பற்றி வெளியிடப்பட்டவற்றோடு அமைதலே முறை. அறியாத பகுதியை ஊகத்தால் நிரப்புதல் கூடாது.

இந்த நான்காவது செய்தி சற்றே விரித்துரைக்கத் தக்கது. தரவில் ஓரிடம் வெறுமையாக இருந்தால், அங்கே அறியாமை உண்டு என்பதைப் பார்ப்பவர் உணர்ந்து எச்சரிக்கை அடைவர். அதே இடத்தில் ஊகத்தால் ஓர் எண் எழுதப்பட்டிருந்தால், அது அளந்து கண்ட எண்ணைப் போலவே தோன்றும். கணினிக்கு ஊகமும் உண்மையும் ஒன்றே. இரண்டையும் ஒரே தெளிவோடு வரைந்து காட்டும். ஆகவே வெறுமையைவிடப் பொய் நிறைவே தீங்கானது. நல்ல உறுதி எழுதும் நொத்தாரிசு, காணியை அளக்காமல் எல்லையை எழுதமாட்டார்.

எக்ஸ்-பிளேன் நிரலுக்கு வேண்டிய விமானத்தளத் தரவுகளை உலகெங்கும் உள்ள ஆர்வலர் எவரும் அனுப்பித் திருத்தலாம். தன் ஊரின் விமானத்தளத்தைச் சரிவர எழுதுதல், நில அளவை, காந்தவியல், புவியீர்ப்பு, திரிகோணகணிதம் ஆகிய யாவும் ஒன்றுகூடும் நல்ல பயிற்சியாகும். குடாநாட்டின் மேல்வகுப்பு மாணவர் இதனை மேற்கொண்டால், பாடநூலிற் படித்த பாகைகளும் அளவைகளும் எதற்கு என்பது தாமே விளங்கும். பல ஆண்டுகள் பொதுமக்கள் அணுக முடியாதிருந்த ஒரு நிலத்தின் உருவம், அந்நிலத்தை அறியாதவர்களின் ஊகத்திலிருந்து மீண்டு, அதனை அறிந்தவர்களின் கையால் உண்மையோடு எழுதப்படும். உலகின் மற்றொரு கோடியில் வாழும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதன்முதலிற் காணும் பலாலி, ஒருவேளை அவ்வெண்களால் எழுந்த பலாலியாகவே இருக்கலாம். அதன் பொருட்டேனும் அவ்வெண்கள் மெய்யாயிருத்தல் வேண்டும்.